ஈரிழை ஆர்.என்.ஏ.வைத் தின்ற புழுவில் மரபணு அடங்குவது எப்படி?

ரோஸ்ஹில் மாணவி:
வணக்கம். உயிரியல் முதலாண்டு படிக்கிறேன். இங்கே மொரீசியசில் பாடநூல் ஆங்கிலம், விளக்கம் பிரெஞ்சு, தோழிகளோடு பேச்சு கிரியோல் என்றிருப்பதால், தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் ஒன்று எனக்குப் பிடிபட்டதா என்பது தெரிகிறது. எலிகன்ஸ் உருளைப்புழுவுக்கு ஈரிழை ஆர்.என்.ஏ. நிறைந்த பாக்டீரியாவைத் தின்னக் கொடுத்தால் அதனோடு எழுத்து வரிசை பொருந்தும் மரபணு செயல் அடங்கிவிடுகிறதாம். அந்த மரபணு அழிந்தேவிடுகிறதா? குடலுக்குள் போனது உடலெங்கும் பரவுவது எப்படி?

ஓய்வுபெற்ற ஆசிரியர், காத்ர் போர்ன்:
அழிவதில்லை, அம்மா. டி.என்.ஏ.வில் ஓர் எழுத்தும் மாறாது. அதிலிருந்து படியெடுத்து வரும் தூது ஆர்.என்.ஏ.தான் சிதைகிறது. டைசர் என்னும் நொதி ஈரிழையைச் சிறு துண்டுகளாக நறுக்க, ஆர்கோநாட் வகைப் புரதமொன்று துண்டின் ஓரிழையை மட்டும் வைத்துக்கொண்டு, அதனோடு பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வைத் தேடிப் பிடிக்கிறது. புழுவின் தனித்திறன் இதற்குப் பிறகுதான் தெரியும். பிடிபட்ட தூது ஆர்.என்.ஏ.வையே அச்சாகக் கொண்டு, ஏறத்தாழ 22 எழுத்து நீளமுள்ள புதிய சிற்றிழைகளை வேறொரு நொதி ஏராளமாக உருவாக்குகிறது. ஒரு கரண்டி உறைமோர் பானைப் பாலையும் தயிராக்குவதுபோல, செல்லுக்குச் சில மூலக்கூறுகள் போதும்.

ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெலோ குழுவினர் 1998இல் தசைப் புரதம் ஒன்றுக்கான அன்க்-22 மரபணுவில், ஈரிழை மரபணுவை அடக்குவதைக் காட்டினார்கள். இழைகளைத் தனித்தனியே செலுத்தியபோது பலன் அற்பம். இரண்டும் இணைந்த வடிவில் செலுத்தியபோது புழுவின் குஞ்சுகள் துடிதுடித்தன. 2006இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆய்வக உதவியாளர்:
பரவல் பற்றி ஐயா சொல்லாமல் விட்டதைச் சேர்க்கிறேன். செல்சவ்விலுள்ள சிட்-1 என்னும் புரதம் ஈரிழை உள்ளே நுழைய வழிவிடுகிறது. நரம்புச் செல்களில் அது குறைவு என்பதால் அங்கே பலன் எளிதில் கிட்டாது. தீனியாகக் கொடுக்கும் ஈகோலி பாக்டீரியாவும் சாதாரண வகையன்று, ஈரிழையைச் சிதைக்கும் நொதி நீக்கப்பட்ட வகை. ஈரிழை உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி.யைத் தட்டில் சேர்க்க மறந்து நான் ஒரு வாரத்தை வீணாக்கியிருக்கிறேன். புழுக்கள் ஒன்றும் நடவாததுபோல் வழுக்கிக்கொண்டு திரிந்தன.

ரோஸ்ஹில் மாணவி:
நன்றி. அப்படியானால், தூது ஆர்.என்.ஏ. முழுமையடையும் முன்பே வெட்டி நீக்கப்படும் இன்ட்ரான் பகுதிக்கு ஈரிழை செய்து கொடுத்தால் பலிக்காதல்லவா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், காத்ர் போர்ன்:
பலிக்காது. அதே 1998 கட்டுரையில் அதையும் செய்து பார்த்து, விளைவு எதுவும் இல்லையென்று எழுதியிருக்கிறார்கள்.