பழைய டகோட்டா விமானம் டேக் ஆஃப்ல ஏன் ஒரு பக்கமா இழுக்குது?

கானாடுகாத்தான் பையன்: நம்ம செட்டிநாட்டுல ரெண்டாம் உலகப்போர் காலத்து ரன்வே கெடக்குல்ல, அதப் பாத்ததுலேருந்து டகோட்டா வீடியோவா பாக்குறேன், ஓடும்போதே சைடுல இழுக்குதே, ஏண்ணே?

பள்ளத்தூரான்: வால்ல சக்கரம் வச்ச விமானம் தம்பி. எடை மையம் பெரிய சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கும், லேசா திரும்புனாலே அந்த எடை இன்னும் திருப்பிவிட்ரும். ரெண்டு புரொப்பல்லரும் ஒரே பக்கமா சுத்துறதால இடதுபக்கம் இழுக்கும், வேகம் வர்றவரைக்கும் ரடரும் (வால்ல இருக்குற, மூக்க இடது வலதா திருப்புற பலகை) சரியா வேலை செய்யாது, வால் சக்கரத்த லாக் பண்ணாம பவர் குடுத்தா பாடுதான்.

காரைக்குடி மாமா: சரக்க விட்டுட்டீகளே! மூட்டையெல்லாம் பின்னாடி ஏத்துனாலோ, சரியா கட்டாம சரிஞ்சாலோ மூக்கு தூக்கி ஸ்டால் ஆயிரும், அதாவது றெக்கைக்குத் தூக்குற சக்தி போயிரும். என்னயக் கேட்டா அதுதான் பெரிய ஆபத்து.

கானாடுகாத்தான் பையன்: பக்கவாட்டுக் காத்தும் சேந்துச்சுன்னா?

பள்ளத்தூரான்: இன்னும் மோசம், காத்து வாலத் தள்ளி, அது வர்ற பக்கமா மூக்கத் திருப்பிவிடும்.