1964இல் பதிவான ப்ளூ நோட்: மோனோ ஒரிஜினலா, டேப்பிலிருந்து வெட்டிய ஸ்டீரியோ மறுவெளியீடா?

நாலுகட்டை:
ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனம் வெளியிட்ட, சாக்ஸபோன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டரின் 'ஸ்பீக் நோ ஈவில்' ஆல்பத்தின் மோனோ பிரதி (பட்டியல் எண் பிஎல்பி 4194) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. விவரம்: லேபிளில் 'நியூயார்க் யுஎஸ்ஏ' என்றிருக்கிறது, டெட் வாக்ஸில் (லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையம்) ஒலிப்பதிவாளர் வான் கெல்டரின் முத்திரை இருக்கிறது, 'காது' என்னும் ஆலை அடையாளம் இல்லை. தட்டின் நிலை விஜி பிளஸ், அதாவது 'மிக நன்று' என்பதற்கு ஒரு படி மேல். 'முதல் அச்சு' என்று சொல்லி அதற்கேற்ற விலை கேட்கிறார்கள். அந்தப் பணத்தில் மாஸ்டரிங் பொறியாளர் கெவின் கிரே டேப்பிலிருந்து வெட்டிய ஸ்டீரியோ மறுவெளியீடுகளாகப் பல ஆல்பங்கள் வாங்கிவிடலாம். எது சரி?

ஊசிமுனை:
மறுவெளியீடுதான். அந்தப் பிரதி முதல் அச்சே அல்ல என்பது ஒருபுறம் இருக்கட்டும். அசல் முதல் அச்சாகவே இருந்தாலும் என் பதில் இதுதான்.

ரூடி வான் கெல்டர் 1957இல் ப்ளூ நோட்டுக்காக இரண்டு தட டேப்பில் பதிவு செய்யத் தொடங்கினார். கொஞ்ச காலம் பக்கத்திலேயே தனி மோனோ டேப்பும் ஓடியது. 1958 முடியும் தறுவாயில் அதை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு வந்த மோனோ தட்டு எல்லாமே அந்த இரண்டு தட டேப்பின் இரு சேனலையும் சரிபாதியாகச் சேர்த்து வெட்டியவை. 'ஸ்பீக் நோ ஈவில்' பதிவானது 1964 டிசம்பர் 24. அதற்குத் தனி மோனோ கலவை என்று ஒன்று கிடையாது. ஸ்டீரியோ மறுவெளியீட்டைப் போட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள், அதே கலவை கிடைத்துவிடும். ஒரு பொத்தான் தருவதற்கு எதற்கு இத்தனை பணம்?

கறுப்புவட்டு:
கலவை ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் வீட்டு ஊசி டேப்பைப் படிப்பதில்லை, தட்டில் வெட்டிய வரியை, அதாவது அந்தப் பள்ளத்தை, படிக்கிறது. டேப்பிலிருந்து லாக்கருக்கு (அச்சுக்கு மூலமாக முதலில் வெட்டும் தகடு) போகும்போது ஒருவர் உட்கார்ந்து ஒலி மட்டம், ஈக்யூ (அலைவரிசைகளை ஏற்றி இறக்குவது), கம்ப்ரஷன் (சத்த வேறுபாட்டை அழுத்துவது) எல்லாம் முடிவு செய்கிறார். ப்ளூ நோட் ஒரிஜினலில் அந்த வேலையைச் செய்தவர் பதிவு செய்த அதே மனிதர். டேப் அப்போது புதுசு. டிரம்பெட்டும் டெனர் சாக்ஸபோனும் முகத்துக்கு நேரே வந்து நிற்கிற அந்த அழுத்தம் டேப்பில் மட்டும் இல்லை, வெட்டிய விதத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் சேனல்கள் சேரும், வெட்டு எப்படி வரும்?

இன்னொன்றும் உண்டு. ப்ளூ நோட்டின் தயாரிப்பாளர் ஆல்ஃப்ரெட் லயனும் வான் கெல்டரும் அந்தக் காலத்தில் கட்டுப்பாட்டு அறையில் மோனோவில் கேட்டுத்தான் வாத்தியங்களின் சமநிலையை முடிவு செய்தார்கள். பல பதிவுகளில் ஸ்டீரியோ என்றால் காற்று வாத்தியம் இடது, டிரம்ஸ் வலது, பியானோவும் பாஸும் நடுவில் என்று பிரிந்து கிடக்கும். நடுவில் இருப்பது இரண்டு சேனலிலும் சமமாக இருப்பதால், சேர்த்து மோனோவாக்கும்போது ஓரத்தில் இருப்பவற்றைவிடச் சுமார் 3 டெசிபல் ஏறி வரும். ரான் கார்ட்டரின் பாஸும் ஹெர்பி ஹான்காக்கின் பியானோவும் மோனோவில் திடமாக நிற்பதற்கு அதுதான் காரணம். அவர்கள் சரிபார்த்த சமநிலையும் அதுவே.

ஊசிமுனை:
சமநிலை பற்றிச் சொன்னது எனக்குத்தான் சாதகம். அந்த 3 டெசிபல் பொத்தானை அழுத்தினாலும் ஏறும்.

வெட்டுக்கு வருவோம். அன்றைய வீட்டு டோன்ஆம்களில் (ஊசிக் கரம்) கனமான, தரம் குறைந்த கார்ட்ரிட்ஜ்கள்தான் (ஊசியைத் தாங்கும் பகுதி) அதிகம். ஆழமான பாஸ் வரியில் ஊசி துள்ளிவிடும் என்பதால் கீழ் அலைவரிசையைக் குறைத்து, நடுப்பகுதியை அழுத்தி வெட்டினார்கள். அன்றைய கருவிக்காகச் செய்த சமரசத்தைக் கலைஞனின் நோக்கம் என்று சொல்ல முடியாது. டேப்பில் எல்வின் ஜோன்ஸின் பேஸ் டிரம் முழுசாக இருக்கிறது. கிரே அதை அப்படியே விட்டு வெட்டுகிறார்.

வான் கெல்டரே வெட்டினால்தான் சரி என்றால், 1999 முதல் அவரே 24 பிட்டில் மறுமாஸ்டர் செய்து தன் பெயரிலேயே வந்த சிடி வரிசையை என்ன செய்வது? அதே மனிதர், அதே டேப். ஆனால் ஒலிக்களம் குறுகி, சத்தம் அழுந்தி வந்தது என்று ஒரிஜினல் பிரியர்களே அதை ஒதுக்கினார்கள். ஆள் யார் என்பது மட்டுமே அளவுகோல் ஆகாது.

தாய்த்தகடு:
இருவரும் தத்துவம் பேசுவதற்குள், நாலுகட்டை கேட்ட பிரதி என்ன என்று பார்த்துவிடலாம்.

லேபிளுக்கும் கடைசி வரிக்கும் இடையில் உள்ள வழவழப்பான வளையத்தை, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, தட்டை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். காது என்று நாம் சொல்வது கையெழுத்துப் பாணியில் இருக்கும் ஒரு 'பி'. பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சான தட்டு என்பதற்கு அடையாளம். அது இருந்தால் 1966க்கு முந்திய உரிமையாளர் காலத்து அச்சு, அல்லது அந்த மாற்றத்தின் விளிம்பில் வந்தது. ப்ளூ நோட்டை லிபர்ட்டி என்ற நிறுவனம் வாங்கியதும் அச்சு வேலை வேறு ஆலைகளுக்குப் போனது, காது நின்றுவிட்டது. ஆனால் கிடங்கில் மிச்சமிருந்த 'நியூயார்க் யுஎஸ்ஏ' லேபிள்களையும் உறைகளையும் லிபர்ட்டி வீணாக்கவில்லை, அவற்றையே ஒட்டி விற்றது. ஆகவே பழைய லேபிள், வான் கெல்டர் முத்திரை, காது இல்லை என்ற சேர்க்கை வந்தால் அது லிபர்ட்டி கால அச்சு. முதல் அச்சின் விலை அதற்குப் பொருந்தாது.

வான் கெல்டர் குறியும் காலத்தோடு மாறியது. ஆரம்பத்தில் கையால் கீறிய ஆர்விஜி, பிறகு அதே எழுத்துகள் முத்திரையாக, 1960களின் தொடக்கத்திலிருந்து முழுப் பெயர். இந்தக் குறி சொல்வது ஒன்றே ஒன்று: லாக்கரை வெட்டியவர் அவர். எந்த ஆண்டு, எந்த ஆலையில் அச்சடித்தார்கள் என்று அது சொல்லாது. விற்பவர்கள் குழப்புவது பெரும்பாலும் இங்கேதான். லேபிளில் விழுந்திருக்கும் ஆழ்வளையத்தையும் (பழைய அச்சுக்கருவி விட்ட பள்ளம்) தனியாக நம்பாதீர்கள். 1960களின் தொடக்கத்தில் அந்தக் கருவிகள் ஒவ்வொன்றாக மாறியபோது ஒரு பக்கம் வளையம், மறுபக்கம் இல்லை என்றெல்லாம் வந்திருக்கிறது. 4194க்கு வளையம் இல்லாததே இயல்பு.

இதில் கறுப்புவட்டு கவனிக்க வேண்டியது: லிபர்ட்டி அச்சும் அதே வெட்டிலிருந்து வந்ததுதான். வெட்டுதான் முக்கியம் என்றால் காதில்லாத பிரதியே போதுமே.

கறுப்புவட்டு:
ஆமாம், போதும். அதற்குரிய விலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். காதுக்காகப் பணம் கொட்டுவது சேகரிப்பாளர் கணக்கு, கேட்பவர் கணக்கு வேறு. ஆனால் ஒரு எச்சரிக்கை. லிபர்ட்டியும், பின்னர் ப்ளூ நோட் கைமாறிய யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸும் 1950களின் மோனோ பதிவுகளை மின்னணு முறையில் போலி ஸ்டீரியோவாக்கி விற்றார்கள். உறையில் ஸ்டீரியோபோல் ஒலிக்க மாற்றியது என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கும். அதை மோனோ பொத்தான் காப்பாற்றாது. இரு சேனலிலும் ஈக்யூவும் ஃபேஸும் (ஒலி அலையின் கட்டம்) வேறாக்கப்பட்டிருப்பதால், சேர்த்தால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

தடம்_இரண்டு:
மறுவெளியீடு என்ற பெயரில் வரும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவு உரிமை 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆனது 2013 நவம்பரில். அதற்குள் காலாவதியானவை, அதாவது 1962 வரை வெளிவந்தவை, மீண்டும் உரிமைக்குள் வரவில்லை. அதனால் அந்தக் காலத்து ஆல்பங்களை யார் வேண்டுமானாலும் அங்கே அச்சடிக்கலாம். ஆனால் டேப் அவர்களிடம் இல்லை. பெரும்பாலும் சிடியையோ கோப்பையோ எடுத்து வெட்டுகிறார்கள். 180 கிராம் என்று உறையில் போடுவது எடையைப் பற்றிய தகவல், மூலத்தைப் பற்றியது அல்ல. யார் வெட்டினார், எதிலிருந்து வெட்டினார் என்ற இரண்டும் உறையில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மறுவெளியீட்டு நிறுவனமான மோபைல் ஃபிடெலிட்டியின் விவகாரமும் இதே பாடம்தான். பலர் முழு அனலாக் என்று நம்பி வாங்கிய தட்டுகளில் டிஎஸ்டி என்ற டிஜிட்டல் படி ஒன்று இடையில் இருந்தது 2022இல் வெளிவந்தது. ஒலி நன்றாக இருந்தது என்பது வேறு. மூலத்தைத் தெளிவாகச் சொல்லாததுதான் குற்றம்.

ஊசிமுனை:
ஒரிஜினலே தவறாக இருந்த கதையும் உண்டு. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959 மார்ச் 2 அன்று பதிவானபோது முதன்மை இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறி ஒலிக்கும். முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் அப்படித்தான் பல ஆண்டுகள் விற்றன. பக்கத்தில் ஓடிய மாற்று டேப் சரியான வேகத்தில் இருந்ததால் 1992 மறுவெளியீட்டில்தான் திருத்த முடிந்தது. முதல் அச்சை எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் அந்தச் சுருதிப் பிழையும் சேர்ந்தே வரும்.

கறுப்புவட்டு:
அது பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதிவிலக்கு. பொதுவாக நடப்பது எதிர்ப்பக்கம். அறுபது ஆண்டு பழைய அசிடேட் டேப் காய்ந்து விளிம்பு சுருளும், டேப் இயந்திரத்தின் தலையோடு முழுசாக ஒட்டாது, உச்ச அலைவரிசை அங்கங்கே மங்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆக்ஸைடு கொஞ்சம் உதிரும். சுருளில் அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று பதிந்து, பாடல் தொடங்குமுன்பே அதன் நிழல் மெலிதாகக் கேட்கும். கிரே எவ்வளவு திறமைசாலியானாலும் டேப்பில் இன்று மிஞ்சியிருப்பதைத்தான் வெட்ட முடியும்.

ஊசிமுனை:
தேய்வது டேப் மட்டுமா? 1960களில் 4, 5 கிராம் அழுத்தத்தில், நுனி மழுங்கிய ஊசியோடு ஓடிய தட்டில் என்ன மிஞ்சும்? இன்று 1.5 முதல் 2 கிராம்தான் வைக்கிறோம். 33⅓ வேகத்தில் தட்டின் வெளி விளிம்பில் வரி வினாடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது. கடைசிப் பாடல் முடியும் இடத்தில் 21 செ.மீ. மட்டுமே. அதே உச்ச ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருங்கிக் கிடக்கும். மழுங்கிய ஊசி முதலில் சிதைப்பது அந்த உள்வளையத்தைத்தான். கழுவினால் போகாது, அது அழுக்கல்ல. விஜி பிளஸ் என்ற மதிப்பீட்டைக் கண்ணால் பார்த்துப் போடுகிறார்கள், இந்தத் தேய்மானம் பளபளப்பான தட்டிலும் ஒளிந்திருக்கும்.

தாய்த்தகடு:
இதில் ஊசிமுனை சொல்வது முழுக்கச் சரி. அதே சமயம் எல்லாச் சிதைவும் நிரந்தரமும் அல்ல. முதலில் கழுவுங்கள்: காய்ச்சி வடித்த நீர், சில துளி நுரைக்காத ஈரமூட்டி, வரியின் திசையிலேயே மென்மயிர்த் தூரிகை, வெற்றிடத்தால் உறிஞ்சல், பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் இன்னொரு முறை. இந்த இரண்டாம் அலசலை விட்டால் ஈரமூட்டி வரிக்குள் காய்ந்து புதுச் சத்தமாகிவிடும். அல்ட்ராசோனிக் தொட்டி என்றால் நீர் 35 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள், தட்டு வளையும். ஆல்கஹால் கலவையை 78 சுழற்சித் தட்டுகளின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அவை செய்யப்பட்ட ஷெல்லாக் கரைந்துவிடும். கழுவியதைப் பழைய உறைக்குள் திருப்பி வைக்காமல் பாலித்தீன் உள்ளுறை போடுங்கள். பிவிசி வெளியுறை வேண்டாம். அதிலிருந்து கசியும் மென்மையூட்டி தட்டில் மூடுபனிபோல் படிந்து உஸ்ஸென்று இரையும்.

பிறகு ஊசி. ஸ்டீரியோ ஊசியின் கூம்பு நுனி சுமார் 18 மைக்ரான், பழைய மோனோ வரிக்கான ஊசி 25. ஒன்று தேய்த்த உயரத்தை மற்றொன்று தவிர்த்து, சுவரின் வேறு இடத்தில் உட்காரும். ஒரே தட்டு 18இல் கரகரத்து 25இல் தெளிவது நடக்கக்கூடியது. நேர்மாறாகவும் நடக்கும். இரண்டிலும் கரகரத்தால் வரி போய்விட்டது.

கறுப்புவட்டு:
அதோடு அசல் மோனோ கார்ட்ரிட்ஜ் பற்றியும் சொல்ல வேண்டும். மோனோ வரியில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமான அசைவு முழுக்கத் தூசியும் கீறலும்தான். அதைப் படிக்காத கார்ட்ரிட்ஜில் பாதி இரைச்சல் காணாமல் போகும். ஆனால் செங்குத்தாக நெகிழாத பழைய வகையை ஸ்டீரியோ தட்டில் வைக்கவே கூடாது, வரியை உழுதுவிடும்.

பொத்தான் இல்லாத ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் இரு சேனலையும் ஒய் கம்பியால் நேரடியாக முடிச்சுப் போடுகிறார்கள். அதில் ஃபோனோ முன்பெருக்கியின் ஒரு வெளியீடு மற்றதற்குச் சுமையாகும். ஒவ்வொரு சேனலிலும் ஒரு கிலோஓம் மின்தடை போட்டுச் சேருங்கள்.

ஊசிமுனை:
பொத்தானுக்கே திரும்பி வந்துவிட்டோம். சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1957, 58 பதிவுகளுக்கு என் வாதம் பொருந்தாது. கோல்ட்ரேனின் 'ப்ளூ டிரெயின்' 1957 செப்டம்பர் 15இல் பதிவானது, அதற்குத் தனி மோனோ டேப் உண்டு. 2022இல் ப்ளூ நோட்டின் டோன் பொயட் மறுவெளியீட்டு வரிசையில் மோனோவையும் ஸ்டீரியோவையும் தனித்தனியாக வெளியிட்டதற்கு அதுதான் காரணம். அங்கே பொத்தான் மோனோவுக்கு ஈடாகாது. 4194க்கு ஈடாகும்.

கறுப்புவட்டு:
கலவைக்கு ஈடாகும், வெட்டுக்கு ஆகாது. அதிலிருந்து நான் நகரவில்லை. ஒப்பிடுவதானால் இரண்டையும் ஒரே கார்ட்ரிட்ஜில் 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, ஸ்டீரியோவை மோனோவாக்கி, ஒரே பாஸ் பகுதியின் சராசரி மட்டத்தைச் சமன் செய்துவிட்டுக் கேளுங்கள். ஒரிஜினல் சத்தமாக வெட்டப்பட்டது. சமன் செய்யாவிட்டால் சத்தமானதே நல்லதாகத் தோன்றும், அது எனக்கே நியாயமான வெற்றி அல்ல.

நாலுகட்டை:
விற்பவரிடம் என்ன கேட்பது? தட்டை நேரில் பார்க்க வழியில்லை.

தாய்த்தகடு:
மூன்று கேளுங்கள். ஒன்று, இரு பக்க டெட் வாக்ஸும் பக்கவாட்டு ஒளியில் தெளிவாகத் தெரியும் படம். காது இல்லை என்பது உறுதியானால் 'முதல் அச்சு' என்ற சொல்லையும் அதற்கான விலையையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். இரண்டு, இரண்டாம் பக்கத்தின் 'இன்ஃபன்ட் ஐஸ்' ஒரு நிமிடப் பதிவு. அதில் டிரம்பெட் இல்லை, மெதுவான நால்வர் வாசிப்பு. பரப்பு இரைச்சல் எங்கேயும் ஒளிய முடியாது. மூன்று, அதற்கடுத்த 'வைல்ட் ஃப்ளவர்' கடைசி இரண்டு நிமிடம். ஃப்ரெடி ஹப்பர்டும் ஷார்ட்டரும் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் சத்தம் ஏறும்போதெல்லாம் விளிம்பில் மணல் உரசுவதுபோல் கேட்டால் வாங்காதீர்கள். அங்கே சுத்தமாக இருந்தால் லிபர்ட்டி விலை கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு அனுப்ப மறுத்தால் ஊசிமுனை சொன்ன மறுவெளியீடே.