பீச்சுக்காக 11 மணி நேரம் பிளைட்ல உக்காரணுமா, பக்கத்துலயே போயிடலாமா?

கால்நனைச்சவ:
வணக்கம் மக்களே. லீவு மொத்தமே 9 நாள், ரெண்டு பக்கமும் வர்ற சனி ஞாயிறையும் சேத்துதான். நான், வீட்டுக்காரர், 4 வயசு பொண்ணு. ஊர் சுத்திப் பாக்குற ஐடியாவே இல்ல, கடல்ல கிடக்கணும் அவ்ளோதான். அவருக்கு தூரத்து தீவு ஒண்ணுமேல ஆசை, பிளைட் மட்டும் 11 மணி நேரம், நடுவுல ஒரு கனெக்ஷன் வேற. எனக்கு 3 மணி நேரத்துல போற எடமே போதும்னு தோணுது. ஆனா அந்த போட்டோவெல்லாம் பாத்தா மனசு ஊசலாடுது. போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

மூட்டைமுடிச்சு:
பிளைட் நேரத்த விடுங்க சிஸ், வீட்டு கதவ பூட்டுறதுலேர்ந்து தண்ணில கால் வெக்கிற வரைக்கும் கணக்கு போடுங்க. 11 மணி நேரம்னு சொல்றது, ஏர்போர்ட்டுக்கு 3 மணி நேரம் முன்னாடி போறது, கனெக்ஷன்ல காத்து கிடக்கறது, இறங்கினப்புறம் படகு இல்ல வேன் எல்லாம் சேந்தா 20 மணி நேரத்த தொட்டுடும். முதல் ரெண்டு நாளும் கடைசி ரெண்டு நாளும் போச்சு, கையில நிக்கறது முழுசா 5 நாள். பக்கத்து எடம்னா முதல் நாள் சாயங்காலமே பொண்ணு மண்ணுல வீடு கட்டிட்டு இருப்பா, முழுசா 7 நாள் கெடைக்கும். நாங்க ஒரு தடவ மாலத்தீவு போனப்ப, ரிசார்ட்டுக்கு கூட்டிட்டு போற சீப்ளேன் (தண்ணில இறங்குற குட்டி பிளைட்) வெளிச்சம் இருக்கறப்ப மட்டும்தான் பறக்கும்ங்கறதே தெரியாம சாயங்காலம் இறங்கிட்டு, ராத்திரி தலைநகரம் மாலே பக்கத்துலயே தங்கி, ரிசார்ட்டுக்கு குடுத்த ஒரு நாள் காச கடல்ல போட்டோம். யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது, நாங்கதான் படிக்கல.

பவளப்பாறை:
எல்லாரும் கணக்கு பாத்தே வாழ்க்கைய ஓட்டுறீங்க 😄 பவளப்பாறை, கண்ணாடி மாதிரி தண்ணி இதெல்லாம் எல்லா கரையிலயும் கெடைக்காது. தண்ணிக்குள்ள பாக்கறதுக்குன்னே போறீங்கன்னா தூரம் போறது தப்பே இல்ல. ஆனா 9 நாளுக்கு நானும் போகமாட்டேன், 2 வாரம் இருந்தா போவேன். அதோட யாராவது ஸ்கூபா (முதுகுல காத்து சிலிண்டர் மாட்டி ஆழத்துக்கு போறது) பண்றதா இருந்தா, பல தடவ டைவ் அடிச்சா அப்புறம் குறைஞ்சது 18 மணி நேரம் கழிச்சுதான் பிளைட் ஏறணும்னு சொல்வாங்க, அப்போ கடைசி நாளும் கரையிலதான். ஸ்நார்கலிங்னா, அதாவது வாயில குழாய வெச்சுட்டு மேலாப்புல மிதந்து பாக்கறதுன்னா, அந்த பிரச்சன இல்ல.

தூக்கம்கெட்டவன்:
மணி நேரத்தவிட திசைதான் முக்கியம். லண்டன்லேர்ந்து தென்னாப்பிரிக்கா கேப்டவுன் 11 மணி நேரத்துக்கு மேல, ஆனா வடக்கு தெற்கா போறதால டைம் வித்தியாசம் 1 இல்ல 2 மணி நேரம்தான், அலுப்பு இருக்கும், ஜெட்லாக் (டைம் மாறி தூக்கம் கெடறது) பெருசா இருக்காது. அதே நேரம் கிழக்க பறந்து 6, 7 மணி நேரம் மாறிச்சுன்னா உடம்பு ஒருநாளைக்கு சுமார் ஒரு மணி நேரம்தான் சரி பண்ணிக்கும், அதாவது உங்க 5 நாள் முழுக்க பொண்ணு ராத்திரி வெகுநேரம் தூங்காம "அம்மா பீச்"னு உலுக்குவா, காலைல எழுப்பினா எந்திரிக்க மாட்டா. மேற்க போனா கொஞ்சம் சுலபம், உடம்போட சொந்த கடிகாரம் 24 மணி நேரத்தவிட லேசா நீளமாம், அதான் லேட்டா தூங்கறது ஈசி. உங்க தீவு எந்த பக்கம்?

கால்நனைச்சவ:
கிழக்கு. 6 மணி நேர வித்தியாசம். 🤦‍♀️

மழைநாள்:
மாசம் எதுன்னு யாருமே கேக்கல! கரீபியன் பக்கம் ஜூன்லேர்ந்து நவம்பர் வரை புயல் சீசன், பாலி தீவுல டிசம்பர் ஜனவரில மழை, தெக்கு மேற்கு கரைல அலையோட குப்பையும் ஒதுங்கும். மலிவா டிக்கெட் கெடைக்குதுன்னா முக்காவாசி இதான் காரணம். பக்கத்து எடம்னா முந்தின வாரம் வானிலை பாத்துட்டு மாத்திக்கவாவது முடியும். அப்புறம் கனெக்ஷன் பிளைட் ரெண்டையும் தனித்தனி டிக்கெட்டா போடாதீங்க, முதல் பிளைட் லேட்டானா அடுத்ததுக்கு யாரும் பொறுப்பில்ல. எந்த பிளைட்டா இருந்தாலும் இறங்கறப்ப பொண்ண முழிக்க வெச்சு ஏதாவது குடிக்க குடுங்க, காது வலி குறையும்.

கால்நனைச்சவ:
மூட்டைமுடிச்சு போட்ட கணக்க அப்படியே வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். அஞ்சு நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம் "சரி பக்கத்துக்கே போவோம், ஆனா அந்த தீவு எப்போ"ங்கறாரு. பொண்ணுக்கு 8 வயசாகட்டும், 2 வாரம் லீவு போடலாம்னேன். பக்கத்து பீச்ல கூட்டம் அம்முமே, அதுக்கு என்ன பண்றது?

மூட்டைமுடிச்சு:
காலைல 8 மணிக்குள்ள எறங்கிடுங்க, வெயில் ஏறி கூட்டம் வர்றப்ப நீங்க ரூம்ல தூங்கிட்டு இருப்பீங்க. ஜெட்லாக் இல்லல்ல, எந்திரிக்க முடியும்.