மறு: மறு: அங்கீகாரம் – 4ஆம் அலகுக்குச் சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

நாளை மாலை மாணவர்களுக்கான கணினிக் கையேடு அச்சுக்குப் போகிறது. மடல் இழை எங்கெங்கோ போய்விட்டதால் சிக்கலை மறுபடி சொல்கிறேன். உள்நுழைபவர் யார் என்று பார்ப்பது ஒரு வேலை. அவர் எந்தக் கோப்பைத் தொடலாம் என்பது வேறு வேலை. பழைய பதிப்பில் இரண்டுக்குமே 'அங்கீகாரம்'. விளைவு: கோப்பு திறக்கவில்லை என்றால் மாணவர்கள் போய்க் கடவுச்சொல்லை மாற்றுகிறார்கள்.

> எல்லோருக்கும் புரிகிற சொல்லை வடசொல் என்று தள்ளுவானேன்?

அதன் பிறப்பைப் பற்றி எனக்கு வழக்கில்லை. ஒரே சொல் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் தொல்லை.

> 'ஆளறிதல்' போதும். எளிமை, நல்ல தமிழ்.

எனக்கும் பிடித்தது. ஆனால் கெர்பரோசில் (வலையமைப்பில் யார் யார் என்று சரிபார்க்கும் நெறிமுறை) பயனர் மட்டுமல்ல, சேவை தரும் கணினியான வழங்கியும் தான் போலியல்ல என்று காட்டலாம். 'ஆள்' உயர்திணை ஆயிற்றே! வழங்கியை எந்தத் திணையில் சேர்ப்பீர்கள்?

> அப்படியானால் 'மெய்யறிதல்'.

குறளில் 36ஆம் அதிகாரம் மெய்யுணர்தல். 'மெய்யறிதல் தோல்வி, மீண்டும் முயல்க' என்று திரையில் வந்தால் பயனர் துறவுக்குக் கிளம்பிவிடுவார்.

> கெர்பரோஸ் தரும் டிக்கெட்டுக்குப் 'பொறிச்சீட்டு' என்க. பட்டினப்பாலையில் சரக்கின்மேல் சோழரின் புலி முத்திரை குத்தி அனுப்புவது 'புலி பொறித்துப் புறம்போக்கி' என வருகிறதே.

இதில் மயங்கி நேற்று அரை மணி நேரம் உரை புரட்டினேன். பொருத்தமும் இருக்கிறது: கெர்பரோசில் கடவுச்சொல் வலையமைப்பில் பயணிப்பதே இல்லை. முதலில் வாங்கும் சீட்டைக் காட்டித்தான் அச்சிடல், அஞ்சல், கோப்பு என ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிச் சீட்டு பெறுகிறோம். ஆனால் இது சில மணி நேரத்தில் காலாவதியாகும். இயல்பு அமைப்பில், கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் விலகினாலே செல்லாது. பொறித்த புலி அப்படியா? போதாததற்கு, 'பொறி' என்றதும் மாணவர்களுக்கு எலிப்பொறிதான் நினைவுக்கு வரும். 'சீட்டு' என்றே விடுகிறேன்.

ஆக, முதலாவதற்கு 'அடையாளச் சரிபார்ப்பு', இரண்டாவதற்கு 'அனுமதி'. முன்னது நீளம்தான்; பொத்தானில் இரண்டு வரியாக மடியும். 'அனுமதி'யும் வடசொல்தானே என்று மடல் வரும் என்பதும் தெரியும். பெரும்பாலோர் 'சரி, ஏதாவது போடுங்கள்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன். 'ஆளறிதல்' நண்பர் இன்னும் இறங்கிவரவில்லை. அவர் மறுப்பு அடிக்குறிப்பில் வரும்.

'கடவுச்சொல்'லில் உள்ள கடவு எங்கிருந்து வந்தது என்று மட்டும் அச்சு முடியும்வரை யாரும் தொடங்க வேண்டாம்.