இமைமுடி மருந்து: அண்ணி அனுப்பிய குப்பியா, வண்ணார்பேட்டையில் கிடைக்கும் குப்பியா?

கண்மை_பாளை

பாளையங்கோட்டையில் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். பதினோரு வருடமாகப் பசை தடவி ஒட்டுமுடி வைத்துக்கொண்டதில் என் சொந்த இமைமுடி பாதியாகக் கொட்டிவிட்டது. நியூஜெர்சியில் இருக்கும் அண்ணி, தனக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த லாட்டிஸ் மருந்தில் இரண்டு குப்பி அனுப்பினார். போட்டேன், முடி வளர்ந்தது. இப்போது தீர்ந்துவிட்டது. அங்கே ஒரு குப்பி நூறு டாலருக்கு மேல் என்கிறார். மறுபடி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இங்கே திருநெல்வேலி வண்ணார்பேட்டைக் கடையில் லாட்டிஸில் இருக்கும் அதே பைமாடோபிராஸ்ட் மருந்து, அதே 0.03 சதவீதம், சில நூறு ரூபாய்தான். ஆனால் அட்டையில் இமைமுடி என்ற சொல்லே இல்லை. கண் நீர் அழுத்த நோய்க்கு என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

வள்ளியூர்க் காற்று

வேண்டாம் அக்கா. பத்தமடைப் பாய் என்று சொல்லி இயந்திரத்தில் நெய்த பாயைத் தலையில் கட்டுகிற ஊர் இது. பாய் ஏமாற்றினால் முதுகு உறுத்தும், அவ்வளவுதான். இது கண். 2022-23இல் நம் தமிழ்நாட்டு ஆலை ஒன்றில் தயாரான கண்ணீர்த் துளி மருந்தைப் போட்டு அமெரிக்காவில் பலருக்குக் கிருமித் தொற்று வந்தது. பார்வை போனவர்களும் இறந்தவர்களும் உண்டு. அதைப் படித்த பிறகும் எப்படி மலிவு மருந்தை வாங்கத் தோன்றும்?

தென்காசிச் சாரல்

இருபத்திரண்டு வருடம் மருந்துக் கடையில் நின்றவன் சொல்கிறேன். தம்பி சொன்ன சம்பவம் உண்மை. ஆனால் அது கிருமித் தடுப்பான் சேர்க்காமல், பல நாள் திறந்து மூடும் குப்பியில் அடைத்த மருந்து. ஆலையின் சுத்தத்தில் வந்த கோளாறு. பிரபலப் பெயரில்லாத மலிவு மருந்து என்பதால் வந்த கோளாறு அன்று.

அட்டையில் நோயின் பெயர் இருப்பதைக் கண்டு பயப்படுகிறாரே, அந்தக் கதையைச் சொல்கிறேன். இந்த மருந்து 2001இல் லூமிகன் என்ற பெயரில் கண் அழுத்தத்துக்காகத்தான் அமெரிக்காவில் வந்தது. போட்டுக்கொண்ட நோயாளிகளுக்கு இமைமுடி நீண்டு கறுத்தது. பக்கவிளைவாக எழுதிவைத்ததையே அதைத் தயாரித்த நிறுவனம் 2008 டிசம்பரில் லாட்டிஸ் என்று வேறு பெட்டியில் போட்டு, அழகுக்கான மருந்தாக ஒப்புதல் வாங்கியது. அதே நிறுவனம், அதே 0.03 சதவீதம். அண்ணியின் டாலரில் பாதி அந்தப் பெட்டிக்குப் போகிறது என்பது என் கணக்கு.

விலை குறைந்தால் தரம் போய்விடும் என்கிறவர்கள் மதுரைக்குப் போய் வாருங்கள். 1992இல் தொடங்கிய அரோலேப், கண்புரை அறுவைக்கு வைக்கும் செயற்கை வில்லையை இறக்குமதி விலையில் சிறு பங்குக்குக் கொடுத்தது. நம் பாட்டிகள் பலர் அதை வைத்துக்கொண்டுதான் தினத்தந்தி படிக்கிறார்கள்.

வள்ளியூர்க் காற்று

அண்ணாச்சி, நீங்கள் சாரலில் உட்கார்ந்து எழுதுகிறீர்கள். லாட்டிஸ் மருந்தை 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டைக் கடை அலமாரியில் எத்தனை டிகிரி இருக்கும்? ஏசி இல்லாத கடையில் மூன்று மாதம் வெந்த குப்பியும் மருந்தா?

தென்காசிச் சாரல்

நல்ல கேள்வி. நியூஜெர்சிக் குப்பி எப்படி வந்தது தம்பி, பனிக்கட்டிப் பெட்டியிலா? அண்ணியின் சூட்கேஸில், சென்னையிலிருந்து ஆம்னி பஸ்ஸின் அடிவயிற்றில் வந்திருக்கும்.

செங்கோட்டை மாமி

விளக்கெண்ணெய் தடவினால் போதாதா? நாங்கள் எல்லாம் அதில்தான் வளர்ந்தோம்.

தாமிரபரணிக் கரை

மாமி, விளக்கெண்ணெய் முடியைப் பளபளப்பாகக் காட்டும், வளர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை. நான் அம்பாசமுத்திரம். கண் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். இருவரும் பெட்டியைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். பெட்டிக்குள் இருந்த தூரிகையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

லாட்டிஸ் பெட்டியில் கிருமி நீக்கிய சிறு தூரிகைகள் இருக்கும். ஒரு கண்ணுக்கு ஒன்று, ஒருமுறை தொட்டால் குப்பைக்கு. ஒரு துளியை அதில் விட்டு, மேல் இமையில் முடி முளைக்கும் ஓரத்தில் மட்டும், இரவில் ஒருமுறை தடவ வேண்டும். கீழ் இமைக்குத் தடவக் கூடாது. வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். கன்னத்தில் அடிக்கடி வழிந்தால் அங்கேயும் முடி முளைக்கலாம். நம் ஊர்க் குப்பி கண்ணுக்குள் சொட்டுவதற்காகச் செய்தது, அதில் தூரிகை கிடையாது. கண்மைத் தூரிகையால் தடவி, கண் சிவந்து வந்த ஒரு பெண்ணை வார்டிலேயே பார்த்திருக்கிறேன்.

மகளே, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அண்ணியின் கண்ணைப் பார்த்து எழுதிய சீட்டு உன் கண்ணுக்கு எப்படிப் பொருந்தும்? கண்ணுக்குள் அழற்சி வந்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாத மருந்து இது. ஏற்கெனவே கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போடுபவர்களும் அப்படித்தான். இமைத் தோல் கறுக்கலாம், நிறுத்தினால் பெரும்பாலும் மாறிவிடும். கண்ணின் நிற வளையம் கறுத்தால் மாறாது. நமக்கு ஏற்கெனவே கரும்பழுப்பு என்பதால் வெளியே தெரியாது, அவ்வளவுதான். இமையைச் சுற்றியுள்ள கொழுப்பு குறைந்து கண் குழிவிழுவதும் உண்டு. முகத்தை வைத்துத் தொழில் செய்கிறவள் நீ.

கண்மை_பாளை

அம்மா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தூரிகை தீர்ந்துவிடுமே என்று ஒன்றையே கழுவிக் கழுவி ஒரு வாரம் வைத்துக்கொண்டேன். இரண்டாவது மாதம் கொஞ்சம் சிவந்தது. மருந்துதான் காரணம் என்று நினைத்தேன்.

தென்காசிச் சாரல்

மருந்தாகவும் இருக்கலாம், அரிப்பும் சிவப்பும் அதற்கு உண்டு. ஆனால் கழுவிய தூரிகையை நான் முதலில் சந்தேகிப்பேன். அம்மா சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. இன்னொன்று: கடையில் 0.01 சதவீதமும் இருக்கும், அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். எண் குறைவு, கண்ணுக்கு மென்மை என்று நினைக்காதீர்கள். லூமிகனில் 0.03இல் இருப்பதைப்போல நான்கு மடங்கு பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமித் தடுப்பான் 0.01இல் இருக்கிறது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால் அது லென்ஸில் ஊறிவிடும். கழற்றிவிட்டுத் தடவி, பதினைந்து நிமிடம் கழித்துத்தான் மாட்ட வேண்டும்.

வள்ளியூர்க் காற்று

பார்த்தீர்களா? தூரிகை, வெப்பம், சதவீதம், லென்ஸ். இத்தனையையும் பெட்டியில் அச்சடித்துக் கொடுத்தவனுக்குத்தான் நூறு டாலர். உங்கள் மலிவுக் குப்பியில் இதைச் சொல்ல ஒரு அண்ணாச்சியும் ஒரு ஓய்வுபெற்ற செவிலியரும் தேவைப்படுகிறார்கள்.

தாமிரபரணிக் கரை

அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது தம்பி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டியில் அச்சடித்ததை அவள் படித்தாளா என்று கேள். முழுப் பலன் தெரிய பதினாறு வாரம் ஆகும், நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ முடி பழைய அளவுக்கே திரும்பிவிடும் என்பதும் அதில்தான் இருக்கிறது. வருடக்கணக்கில் டாலர் கொடுக்க முடியாதவளுக்கு உள்ளூர்க் குப்பியை மருத்துவர் எழுதிக்கொடுத்தால் நான் தடுக்க மாட்டேன். முடி உதிர்ந்தது பசையால்தானா, தைராய்டா என்பதையும் அவர்தான் பார்க்க வேண்டும்.

கண்மை_பாளை

வெள்ளிக்கிழமை கண் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். காலிக் குப்பியையும் எடுத்துப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் ஒட்டுமுடி மணப்பெண்ணுக்கு மட்டும்.

வள்ளியூர்க் காற்று

சீட்டில் எந்தப் பெயரை எழுதினார் என்று இங்கே போடுங்கள் அக்கா. மலிவுக் குப்பியையே எழுதினாலும் நான் தோற்றதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். கடையில் ஏசி இருக்கிறதா என்று கேட்பேன்.