என் கணினியில் ஓடும் பைத்தான் கருவி மற்றவர்களிடம் ஓடவில்லை: தேவையான லைப்ரரிகளைப் பயனாளருக்கு எப்படிச் சொல்வது?

துணுக்காய்:
வணக்கம். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளின் பழைய அச்சு மலர்களைத் தமிழ் எழுத்தாக மாற்ற ஒரு சிறு பைத்தான் கருவி எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிறேன். இடப்பெயர்வில் தொலைந்தது போக மிஞ்சிய பிரதிகள் இவை. யார் கையில் ஒரு மலர் இருந்தாலும் அவரே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை.

உபுண்டு 22.04 இயங்குதளத்தில் எனக்கு நன்றாக ஓடுகிறது. லைப்ரரிகளை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) நிறுவும் பிப் கருவியின் ஃப்ரீஸ் கட்டளை பதிப்பு எண்களோடு தந்த பட்டியலை ரிக்குவயர்மென்ட்ஸ் கோப்பாகவும் வைத்திருக்கிறேன். ஆனால் முள்ளியவளையில் ஓர் ஆசிரியர் விண்டோஸில் நிறுவினார். நிறுவும்போது ஒரு பிழையும் இல்லை. ஓட்டினால் 'டெசராக்ட் இஸ் நாட் இன்ஸ்டால்ட் ஆர் இட்ஸ் நாட் இன் யுவர் பாத்' (டெசராக்ட் நிறுவப்படவில்லை, அல்லது பாத்தில், அதாவது கணினி நிரல்களைத் தேடும் இடங்களில், இல்லை) என்று நிற்கிறது. உபுண்டு 24.04 வைத்திருப்பவருக்கு நம்பை என்ற எண் கணக்கு லைப்ரரியின் 1.24 பதிப்பை நிறுவும் இடத்திலேயே சிவப்பு எழுத்தாகக் கொட்டுகிறது. எதை, எங்கே எழுதி வைக்க வேண்டும்?

வவுனியா:
தம்பி, இவை இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள்.

முதலாவது: உங்கள் கருவி பயன்படுத்தும் பைடெசராக்ட் லைப்ரரி படத்திலுள்ள எழுத்தைத் தானே வாசிப்பதில்லை. டெசராக்ட் என்ற தனி மென்பொருளைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறது, அவ்வளவுதான். அந்த மென்பொருளை பிப் கொண்டுவராது. பிடிஎஃப் பக்கங்களைப் படமாக்கும் பிடிஎஃப்2இமேஜும் அப்படித்தான், அதற்கு பொப்ளர் என்ற மென்பொருள் வேண்டும். உபுண்டுவில் டெசராக்ட்-ஓசிஆர், டெசராக்ட்-ஓசிஆர்-டேம், பொப்ளர்-யூட்டில்ஸ் என்ற மூன்றையும் அதன் நிறுவு கட்டளையான ஆப்ட் மூலம் போட வேண்டும். உங்கள் கணினியில் இவை ஏற்கெனவே இருப்பதால் இந்தக் குறை உங்கள் கண்ணில் படாது. ரிக்குவயர்மென்ட்ஸ் கோப்பில் இவற்றை எழுதவும் ஏலாது. ரீட்மீ என்ற வழிகாட்டிக் கோப்பில், பிப் கட்டளைக்கு மேலே எழுதுங்கள். பலர் கட்டளையை நகலெடுத்து ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கீழே எழுதினால் எவரும் பார்க்கமாட்டார்கள்.

இரண்டாவது: ஃப்ரீஸ் தருவது உங்கள் கணினியின் அன்றைய நிலை. உபுண்டு 24.04 இல் பைத்தான் 3.12. அதற்கு நம்பை 1.26 இலிருந்துதான் வீல் எனப்படும் ஆயத்த நிறுவு கோப்பு உண்டு. 1.24 தான் வேண்டும் என்று கட்டிப்போட்டால் பிப் மூல நிரலிலிருந்து கட்டப் பார்த்து விழும். நீங்கள் நேரடியாக இம்போர்ட் செய்பவற்றை மட்டும் பைப்ராஜெக்ட் என்ற திட்ட விவரக் கோப்பில் 'குறைந்தது இந்தப் பதிப்பு' என்று எழுதுங்கள். எந்தப் பைத்தான் வேண்டும் என்பதையும் அதிலேயே சொல்லலாம். ஃப்ரீஸ் பட்டியலை உங்கள் சோதனைக்கு வைத்திருங்கள்.

நெடுங்கேணி:
அக்கா சொன்னதோடு ஒன்று. 24.04 இல் மெய்நிகர் சூழல் (கருவிக்கென்று தனியான பைத்தான் இடம்) இல்லாமல் பிப் ஓட்டினால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்' (இந்தப் பைத்தானை இயங்குதளமே நிர்வகிக்கிறது) என்று தடுக்கும். அதை மீறும் வழியைத் தயவுசெய்து ரீட்மீயில் எழுதாதீர்கள். ஒருவருடைய இயங்குதளத்தையே குழப்பிவிடும். வென்வ், அதாவது அந்த மெய்நிகர் சூழலை உருவாக்கும் வரியைச் சேர்த்துவிடுங்கள்.

இங்கே பலர் ஃபோன் டேட்டாவில்தான் இறக்குகிறார்கள். பிப் டவுன்லோட் மூலம் எல்லா வீல்களையும் பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தால், நிறுவும் கட்டளையில் நோ-இண்டெக்ஸ், ஃபைண்ட்-லிங்ஸ் என்ற இரண்டு தெரிவுகளையும் சேர்த்து இணையம் இல்லாமலே நிறுவலாம். விண்டோஸ் வீல் உபுண்டுவுக்கு உதவாது, பைத்தான் பதிப்பும் பொருந்த வேண்டும். அதனால் கோப்புறையின் பெயரிலேயே 'விண்டோஸ், பைத்தான் 3.10' என்று எழுதிக் கொடுங்கள்.

துணுக்காய்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. கருவி தொடங்கும்போதே பைத்தானின் ஷடில் விச் என்ற செயற்கூறை வைத்து டெசராக்ட் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இப்படிச் சொல்ல வைத்திருக்கிறேன்:

'டெசராக்ட் கிடைக்கவில்லை. இது பிப் மூலம் வராது. உபுண்டுவில் ஆப்ட் மூலம் டெசராக்ட்-ஓசிஆர் நிறுவுங்கள். விண்டோஸில் அதன் நிறுவியை ஓட்டி, கோப்புறையைப் பாத்தில் சேருங்கள்.'

ஆசிரியர் இதைப் பார்த்துத் தானே நிறுவிவிட்டார். இப்போது 'டேம் டிரெய்ன்ட்டேட்டா' கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறது.

வவுனியா:
அது தமிழ் மொழிக் கோப்பு. விண்டோஸ் நிறுவியில் மேலதிக மொழிகள் என்ற இடத்தில் தமிழைத் தெரிவு செய்யாமல் விட்டிருப்பார். நிறுவியைத் திரும்ப ஓட்டித் தெரிவு செய்யச் சொல்லுங்கள். உங்கள் சோதனையிலும் இதைச் சேருங்கள்: பைடெசராக்டின் கெட்-லாங்வேஜஸ் தரும் பட்டியலில் 'டேம்' இல்லையென்றால் அதற்கு வேறு செய்தி. மென்பொருள் இல்லை என்பதும் மொழி இல்லை என்பதும் ஒரே செய்தியாக வந்தால் அவர் டெசராக்டையே திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருப்பார்.