254: ஒரு பொய் எண்ணுக்கு எத்தனை தகப்பன்மார்?

பழந்தாள் (தொடங்கியவர்):
ஏப்ரல் பிறந்தால் இந்த எண் மறுபடி சுற்றத் தொடங்கிவிடும். ஜெருசலேமின் மேற்கு ஓரத்தில் டெய்ர் யாசின் என்றொரு அரபுக் கிராமம் இருந்தது. 1948 ஏப்ரல் 9 அன்று இர்குன், லெஹி என்ற இரண்டு யூத ஆயுதக் குழுக்கள் அதற்குள் புகுந்தன. பெண்களும் குழந்தைகளும் உட்படக் கொல்லப்பட்டவர்கள் 254 பேர் என்று பல பத்தாண்டுகள் அச்சில் வந்தது. 1987இல் பாலஸ்தீனத்தின் பிர்ஸைத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தப்பிப் பிழைத்தவர்களிடம் பேசிக் கணக்கெடுத்தபோது 107 என்று வந்தது. கணக்கைத் திருத்தியவர்கள் பாலஸ்தீனர்களே. ஆனாலும் 254 சாகவில்லை. அதை வளர்த்தது யார்?

எல்லைக்கல்:
இதில் என்ன புதிர்? அரபுத் தலைவர்கள்தான். அன்றைக்குப் பாலஸ்தீன வானொலியில் செய்தி ஆசிரியராக இருந்த ஹாசிம் நுசைபே பிபிசி ஆவணப்படத்தில் தானே சொல்லியிருக்கிறார். ஹுசைன் காலிதி என்ற தலைவர், நடந்ததைப் பெரிதாக்கச் சொன்னாராம். வன்புணர்வுச் செய்திகளையும் சேர்த்தார்களாம். அரபு நாடுகளின் படைகளை உசுப்பிவிடுவதுதான் நோக்கம். கேட்ட ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். அது தங்கள் மிகப் பெரிய தவறு என்று அவரே வருந்தினார். சொந்த மக்களைச் சொந்த வானொலியால் விரட்டிவிட்டு, பழியை இஸ்ரேல் மீது போட்டார்கள்.

ஒலிவமரம்:
கதையைப் பாதியில் தொடங்குகிறீர்கள். 254 என்று பத்திரிகையாளர்களிடம் முதலில் சொன்னவர் இர்குனின் ஜெருசலேம் தளபதி மொர்தெகாய் ரானான். அரபுகளைப் பீதியடையச் செய்யவே கூட்டிச் சொன்னதாகப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார். இர்குனோடு பகையிலிருந்த, யூதர்களின் முதன்மை ஆயுதப் படையான ஹகானாவுக்கும் அந்த எண் வசதியாக இருந்தது. போட்டிக் குழுவின் முகத்தில் கரி பூச வேறென்ன வேண்டும்? அரபு வானொலி மூன்றாவதாகத்தான் வந்து சேர்ந்தது. நீங்கள் மூன்றாவது தகப்பனை மட்டும் பந்திக்கு அழைக்கிறீர்கள்.

இன்னொன்று. 107 என்று குறைந்ததும் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். எதற்கு?

எல்லைக்கல்:
நான் விடவில்லை. ஆனால் நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 13 அன்று, ஜெருசலேமில் ஹடாஸா என்ற யூத மருத்துவமனைக்குப் போன வாகன வரிசையை அரபுப் படையினர் மறித்துத் தாக்கினார்கள். மருத்துவர்கள், தாதியர் உட்பட 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் வண்டிக்குள்ளேயே கருகி. இந்த ஏப்ரலைப் பற்றிப் பேசுகிறவர்கள் 9ஆம் தேதியோடு நாள்காட்டியை மூடிவிடுவது ஏன்?

இடைவழி:
நண்பர்களே, இரண்டு பக்கமும் கதைகள் இருக்கின்றன, இரண்டு பக்கமும் வலி இருக்கிறது. இதை ஏற்றுக்கொண்டால் சண்டையே இல்லையே.

ஒலிவமரம்:
ஐயா, எல்லா இலைக்கும் ஒரே அளவு பாயசம் ஊற்றுவதற்கு இது பந்தி இல்லை. லித்தா என்ற அரபு நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூலை 12 அன்று, வயது பாராமல் எல்லாரையும் விரைவாக வெளியேற்றுங்கள் என்ற உத்தரவில் கையெழுத்திட்டவர் இட்சாக் ராபின், பின்னாளில் பிரதமரானவர். லித்தாவிலிருந்தும் பக்கத்து ராம்லாவிலிருந்தும் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். லித்தாக்காரர்கள் ஜூலை வெயிலில் கால்நடையாகக் கிழக்கே நடந்தார்கள். வழியில் தாகத்தால் இறந்தவர்களும் உண்டு. ராபின் தன் நினைவுக் குறிப்பில் இதை எழுதினார். இஸ்ரேலியத் தணிக்கைக் குழு அந்தப் பகுதியை நீக்கியது. 1979இல் ஓர் அமெரிக்க நாளிதழ் வழியாக அது வெளியே வந்தது. இங்கே எந்த வானொலி யாரை ஓடச் சொன்னது?

எல்லைக்கல்:
லித்தாவைச் சொல்கிறீர்கள், நான் துறைமுக நகரமான ஹைஃபாவைச் சொல்கிறேன். 1948 ஏப்ரல் 22 அன்று நகரின் யூத மேயர் ஷப்தாய் லெவி, போகாதீர்கள், இருங்கள் என்று அரபுப் பிரதிநிதிகளிடம் கண்கலங்கக் கேட்டார். வெளியேறுவது என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். இதற்கு பிரிட்டிஷ் சாட்சி இருக்கிறது.

ஒலிவமரம்:
மேயர் கெஞ்சியது உண்மை. அதே நாள் காலையில், துறைமுகத்தை ஒட்டிய சந்தையில் கூடியிருந்த கூட்டத்தின் மீது ஹகானா மோர்ட்டார் குண்டு வீசியதும் உண்மை. மேலே மேயர் அழுகிறார், கீழே குண்டு விழுகிறது. ஓடுகிறவன் எதைக் கேட்டு ஓடுவான்?

பழந்தாள்:
வானொலி உத்தரவு பற்றி ஒரு தகவல். அரபுத் தலைவர்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறச் சொல்லி ஒலிபரப்பினார்கள் என்ற கதை நெடுங்காலம் இஸ்ரேலியப் பாடநூல்களில் இருந்தது. எர்ஸ்கின் சில்டர்ஸ் என்ற ஐரிஷ் பத்திரிகையாளர், அன்றைய மத்திய கிழக்கு ஒலிபரப்புகளை பிபிசி ஒட்டுக்கேட்டு எழுதிவைத்த பதிவுகளைத் தேடிப் பார்த்து 1961இல் எழுதினார். அப்படி ஓர் உத்தரவு அவருக்கு அகப்படவில்லை. சில ஊர்களில் பெண்களையும் குழந்தைகளையும் அனுப்பிவிடும்படி உள்ளூர்த் தலைவர்கள் சொன்னதுண்டு. அது வேறு கதை. 1980களில் இஸ்ரேலிய ஆவணக் காப்பகங்கள் திறந்த பின் இஸ்ரேலிய வரலாற்றாய்வாளர் பெனி மோரிஸ் ஊர் ஊராக எழுதியதும் இதையே உறுதி செய்தது.

எல்லைக்கல்:
அதே மோரிஸ்தான், அரபுகளை வெளியேற்ற முன்கூட்டிப் போட்ட பெருந்திட்டம் எதுவும் இல்லை, போர்தான் அகதிகளைப் பிறப்பித்தது என்றும் எழுதினார். அதை விழுங்கிவிடுகிறீர்களே.

ஒலிவமரம்:
அதே மோரிஸ்தான் 2004இல், இஸ்ரேலின் முதல் பிரதமர் பென்-குரியன் வெளியேற்றத்தை முழுமையாக முடிக்காமல் விட்டது தவறு என்றும் பேட்டி கொடுத்தார். ஒரே மனிதர், ஒரே ஆவணங்கள். ஆவணம் நடந்ததைச் சொல்லும். அதை எங்கே வைப்பது என்று சொல்லாது. இப்போது அந்த ஆவணங்களும் போகின்றன. 1948 தொடர்பான தாள்களைப் பாதுகாப்பு அமைச்சின் ஆட்கள் காப்பகங்களிலிருந்து எடுத்து மறைத்துவைப்பதை 2019இல் ஓர் இஸ்ரேலிய நாளிதழே அம்பலப்படுத்தியது.

எல்லைக்கல்:
மறைப்பதற்காவது அங்கே திறந்த காப்பகம் இருந்தது. அரபு நாடுகளின் 1948 போர் ஆவணங்களை உங்களால் பார்க்க முடியுமா? ஒருவன் வீட்டை மட்டும் சோதனை போட்டுவிட்டு, திருட்டுப் பொருள் அங்கே மட்டும்தான் இருந்தது என்கிறீர்கள்.

பழந்தாள்:
இது நல்ல அடி. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

எல்லைக்கல்:
சந்தடி சாக்கில் இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். 2000இல் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் அமைதிப் பேச்சுக்கு உட்கார்ந்துகொண்டு, ஜெருசலேமில் யூதக் கோவிலே இருந்ததில்லை என்றார் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத். இதையும் நியாயப்படுத்துவீர்களா?

ஒலிவமரம்:
மாட்டேன். அது அபத்தம். அபத்தம் என்று காட்ட யூத நூல்கள்கூட வேண்டாம். ஜெருசலேமின் உச்ச முஸ்லிம் மன்றம் 1925இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வழிகாட்டியே போதும். அல்-அக்ஸா மசூதி வளாகம் சாலமன் கோவில் இருந்த இடம் என்பதில் ஐயமே இல்லை என்று அதில் அச்சிட்டிருக்கிறது. தாத்தா சொன்னதைப் பேரன் மறுக்கிறான், வழக்கு முற்றிவிட்டதால்.

உங்கள் பக்கத்துத் தாத்தாவையும் பாருங்கள். 1918இல் பென்-குரியனும், பின்னாளில் இஸ்ரேலின் குடியரசுத் தலைவரான பென்-ஸ்வியும் சேர்ந்து எழுதிய நூலில், பாலஸ்தீன அரபு உழவர்கள் பண்டைய யூதக் குடியானவர்களின் வழித்தோன்றல்கள் என்றார்கள். அதாவது கி.பி. 70இல் ரோமர்கள் கோவிலை எரித்தபின் யூதர்கள் எல்லாரும் நாடுகடத்தப்பட்டார்கள் என்ற கதையைத் தொடக்கத்தில் அவர்களே நம்பவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1969இல், பாலஸ்தீனர்கள் என்று எவரும் இருந்ததில்லை என்றார் இஸ்ரேலியப் பிரதமர் கோல்டா மேயர். யாஃபாவில் ‘ஃபலஸ்தீன்’ என்ற பெயரில் செய்தித்தாள் தொடங்கியது 1911இல்!

இடைவழி:
பாலஸ்தீனம் ஆளில்லாத நிலம் என்று வேறு ஒரு வாசகம் உண்டல்லவா?

ஒலிவமரம்:
உண்டு. 1901இல் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் யூத எழுத்தாளர் இஸ்ரேல் ஸாங்வில். சில ஆண்டுகளிலேயே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவரே மேடையில் சொன்னார். அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. 1922இல் பிரிட்டிஷார் தலையெண்ணியபோது சுமார் 7,57,000 பேர். அதில் யூதர்கள் சுமார் 84,000. ஆளில்லாத நிலத்தில் எண்ணுவதற்கு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள்.

எல்லைக்கல்:
சரி, ராபினின் அந்தப் பகுதியைத் தேடிப் படித்தேன். நீங்கள் சொன்னது போலத்தான் இருக்கிறது. லித்தாவில் நடந்தது வெளியேற்றம்தான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எல்லாமே முன்கூட்டித் தீட்டிய திட்டம் என்றீர்களே, அதை நீங்கள் இன்னும் நிறுவவில்லை. நீங்கள் அதை நிறுவும்வரை இந்தத் திரியை விட்டு நான் போகமாட்டேன்.

ஒலிவமரம்:
திட்டம் என்று நான் எங்கே சொன்னேன்? மேலே போய்ப் பாருங்கள்.

எல்லைக்கல்:
பார்த்தேன். சொல்லவில்லை. வேறு யாரோடோ போட்ட பழைய சண்டையை உங்களிடம் தொடர்ந்திருக்கிறேன் போலிருக்கிறது. ஹடாஸா வாகன வரிசைக்கு மட்டும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒலிவமரம்:
அது படுகொலை. முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நீங்கள் கேட்ட விதத்தில் எரிச்சல் வந்து விட்டுவிட்டேன்.